தொட்டாச்சிணுங்கி நைட்டி

பவானி ரோட்டு நைட்டி மில்லில் அச்சடித்த துணியில் இலை மடிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. அப்போது மில்லில் இருந்த நாற்பத்தோரு பேரில் நாற்பது பேர் அதைத் தொட்டுப் பார்த்து, "அட, மடியுதே" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். ஒருத்திக்கு மட்டும் வயிறு பற்றி எரிந்தது. அவள் பேர் சிந்துஜா. இந்தக் கதை அந்த எரிச்சலைப் பற்றியதுதான். இலை எப்படி மடியும், துணியில் அச்சடித்த இலைக்கு உயிர் ஏது என்று குறுக்குக் கேள்வி கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், நான் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

மில்லுக்குப் பெயர்ப்பலகையில் வேறு பேர் உண்டு. ஆனால் நைட்டித் துணியைத் தவிர அங்கே எதுவும் அச்சாகிறதில்லை என்பதால் ஊர் அதை நைட்டி மில் என்றுதான் சொல்லும். நைட்டியை லேசாக நினைக்கக் கூடாது. இந்தப் பக்கத்தில் விடிந்ததிலிருந்து வாசல் தெளிக்கிறவளும் பால் வாங்குகிறவளும் பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றுகிறவளும் மளிகைக்கடையில் கால் கிலோ துவரம்பருப்புக்கு நிற்கிறவளும் நைட்டியில்தான் நிற்பாள், தோளில் ஒரு துண்டை மட்டும் போட்டுக்கொண்டு. துண்டு போட்டாகிவிட்டால் அது முழு உடுப்பு, எவனும் ஒரு வார்த்தை பேச முடியாது.

அந்த மில்லுக்குத்தான் டிசைன் கல்லூரியிலிருந்து இரண்டு பெண்கள் இன்டர்ன்ஷிப்புக்கு வந்தார்கள். நாற்பத்தைந்து நாள், எட்டு கிரெடிட். அன்றன்றைக்குச் செய்த வேலையை எழுதிய லாக் புக் வேண்டும், முதலாளி கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வேண்டும், கடைசி நாள் பேராசிரியை மில்லுக்கே வந்து கேள்வி கேட்டுத் திருப்திப்பட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் எட்டு, ஒன்று பிசகினால் சைபர். நடுவில் ஐந்து ஆறு என்று பேரமே கிடையாது.

சிந்துஜா மூன்று வருஷமும் வகுப்பில் முதல். எட்டு கிரெடிட் தனக்குக் கிடைக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவளுக்கு வேண்டியிருந்தது வேறு. தான் செய்த ஒன்றைப் பார்த்து யாராவது ஒருவர் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும், "இவளுக்கு மட்டும் எப்படி வருது" என்று ஒருதடவையாவது நினைக்க வேண்டும். இதுவரை யாரும் பிடிக்கவில்லை. "நீட்டா இருக்கு" என்றுதான் சொன்னார்கள்.

கூட வந்தவள் மயிலாத்தாள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பேரா என்று கேட்காதீர்கள், குலசாமிக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை. கல்லூரியில் மயிலா. இரண்டு பேப்பர் அரியர், வகுப்புக்கு வருவது பத்து நிமிஷம் தாமதம், பென்சில் கொண்டு வருவதே இல்லை, சிந்துஜாவிடம்தான் வாங்குவாள். இந்த எட்டு கிரெடிட்டும் போனால் படிப்பை நிறுத்திவிடுவதாக அவள் அப்பா முடிவே கட்டியிருந்தார்.

முதல் பத்து நாளில் சிந்துஜா இருபத்தேழு டிசைன் போட்டாள். ரோஜா, ஆர்க்கிட், வெளிநாட்டு இலை, கட்டம் போட்டது, கட்டம் போடாதது. முதலாளி பொங்கியண்ணனுக்கு டிசைன் தெரியாது. தேர்ந்தெடுப்பது அவர் சம்சாரம் செல்வநாயகி. அந்தம்மா ஒவ்வொன்றாகப் பார்த்து, "நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா எல்லாம் எங்கியோ பாத்த மாதிரியே இருக்குது" என்று மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் மயிலாவைப் பார்த்து, "நீ ஏனம்மணி சும்மாவே உக்காந்திருக்கற?" என்றார்.

மயிலா ஒரே ஒரு காகிதத்தைக் கொடுத்தாள். மில்லுக்குப் பின்னால் சாக்கடை ஓரம் டிபன் பாக்ஸ் கழுவுகிற இடத்தில் மண்டிக் கிடக்கிற தொட்டாச்சிணுங்கி. இலை ஒவ்வொன்றும் பாதி கரும்பச்சை, பாதி இளம்பச்சை, நடுவில் அங்கங்கே பஞ்சு உருண்டையாய் ரோஸ் பூ. செல்வநாயகி அம்மாள் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு மூச்சை இழுத்துப் பிடித்தார்.

சிந்துஜா அதைக் கண்ணால் கண்டாள். சாக்கடைச் செடிக்கு வந்த வாழ்வைப் பார் என்று மனசுக்குள் கறுவினாள். அதோடு விட்டார்களா, "சிந்து கண்ணு கம்ப்யூட்டர்ல கெட்டிக்காரி, நீயே கலர் பிரிச்சுக் குடுத்துரு" என்று அந்த வேலையையும் அவள் தலையிலேயே கட்டினார்கள்.

கலர் பிரிப்பது என்றால் ஒரு டிசைனில் உள்ள ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்கிரீன் என்று பிரித்துக் கொடுப்பது. அதில் முதல் பாடம், இரண்டு நிறம் சேருகிற இடத்தில் ஒன்று இன்னொன்றின் மேல் ஒரு முடியளவு ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் நடுவில் வெள்ளைக் கோடு பல்லிளிக்கும், துணி கழிவுக்குப் போகும். மயிலாவின் படத்தில் ஒவ்வொரு இலையின் நடு நரம்பிலும் அந்த இடைவெளி இருந்தது. அவளுக்கு இதெல்லாம் தெரியாது, பாடம் நடந்த அன்று அவள் வரவில்லை. சிந்துஜாவுக்குத் தெரியும். அவள் அதை மூடவில்லை. மூடாததோடு நிற்காமல், இரண்டு பாயிண்ட் அகலமாக்கினாள். துணி கெட்டு, மில்லே கூடி நின்று மயிலாவைத் திட்டணும், அவள் மூஞ்சி சுருங்கிப் போகணும் என்று நினைத்துக்கொண்டே, ஆயிரத்து நாற்பது இலைகளுக்கும், ஒன்று விடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு அகலமாக்கினாள். லாக் புக்கில் "கலர் பிரித்தேன்" என்று எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை துணி இறங்கியது. பிரிண்டிங் மாஸ்டர் சிக்கந்தர் பதம் பார்க்கக் கையை வைத்தார். கை பட்ட இடத்தில் இலைகள் நடு நரம்பில் இரண்டாக மடிந்து மூடிக்கொண்டன. கையை எடுத்தார். ஒரு டீ குடிக்கிற நேரம் போனதும் மெல்ல விரிந்தன. "சாயம் ஒட்டலையோன்னு பயந்துட்டேன். நல்லாத்தான் ஒட்டியிருக்குது" என்றார் மாஸ்டர். துணி சந்தைக்குப் போயிற்று.

சந்தையிலிருந்து வீடுகளுக்குப் போன அந்தத் துணியை ஊர் பழகிக்கொண்ட விதத்தைச் சொல்லாமல் இந்தக் கதையை நகர்த்த முடியாது. முதலில் திண்டாடினது டெய்லர்கள்தான், வெட்டுவதற்குக் கை வைத்தாலே இலை மூடிக்கொண்டு மார்க் எங்கே என்று தெரியாமல் போகிறது என்று ஒரு வாரம் புலம்பினார்கள், அப்புறம் துணியைப் பின்பக்கமாகத் திருப்பிப்போட்டு வெட்டக் கற்றுக்கொண்டார்கள். இஸ்திரிக்காரர் பெட்டி பட்ட துணி சாயங்காலம்தான் விரியும், அவசரம் என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். முதல் தூறல் விழுந்ததுமே கொடியில் காயும் நைட்டியெல்லாம் ஒரே சமயத்தில் மூடிக்கொண்டதால், மழை வருகிறதா என்று வானத்தைப் பார்க்கும் வழக்கமே கொஞ்ச நாளைக்கு நின்றுபோனது.

வீட்டுக்குள் நடந்தது வேறு கதை. அடுப்படியிலிருந்து வரும் மருமகளின் முதுகில் ஐந்து விரல் அளவுக்கு இலை மடிந்திருந்தால் மாமியாருக்குக் கோபம், மடியாமலே பத்து நாள் போனால் மாமியாருக்குக் கவலை. "பூனை உரசுச்சுங்கத்தை" என்று மருமகள்கள் சொல்லப் பழகினார்கள், பூனையே இல்லாத வீட்டிலும். புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சுவார்த்தை இருக்கிறதா என்று கேட்க வேண்டியிருந்தால், "இலை மடியுதா?" என்று கேட்டால் போதும் என்று ஆயிற்று. ஹவுசிங் யூனிட்டில் ஒருத்தி, பெயர் வேண்டாம், புருஷன் துபாயில், பிள்ளை ஹாஸ்டலில், அவள் நைட்டியில் காலையில் விரிந்த இலை ராத்திரி வரை ஒன்றுகூட மடியாமல் இருப்பதை அக்கம்பக்கத்துப் பெண்கள் கவனித்தார்கள். யாரும் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தண்ணி பிடிக்கப் போகிறவள், குப்பை கொட்டப் போகிறவள் என்று ஒவ்வொருத்தியும் அவளைத் தாண்டும்போது சும்மா தோளில் ஒரு தட்டு, முதுகில் ஒரு தடவல் என்று தொட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார்கள்.

அப்புறம்தான் பஸ். எவளோ ஒரு புத்திசாலி அந்த நைட்டித் துணியில் சுடிதார் டாப்ஸ் தைத்துப் போட்டுக்கொண்டு காலை எட்டரை மணி டவுன் பஸ்ஸில் ஏறினாள். கூட்டத்தில் ஒரு கை, உங்களுக்குத் தெரியும் எந்தக் கை என்று, அவள் இடுப்பில் பட்டது. நாலு விரலும் ஒரு கட்டை விரலும் அச்சுப் பிசகாமல் மடிந்து நின்றன, மோதிரம் போட்ட இடம்கூடத் தெரிந்தது. கண்டக்டர் விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தி, "மோதரம் போட்டவங்கெல்லாம் வலது கையக் காட்டுங்க" என்றார். அடுத்த வாரத்திலிருந்து அந்த ரூட்டில் ஆம்பிளைகள் இரண்டு கையாலும் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, டிக்கெட்டை உதட்டில் கவ்விக்கொண்டு பயணம் செய்தார்கள். துணிக்கு ஆர்டர் குவிந்தது. பொங்கியண்ணன் மனம் நிறைந்து, துணியின் கரையில் நம்பர் அடிக்கிற இடத்தில் "மயிலாத்தாள்" என்று பேரே அடித்துவிடச் சொன்னார்.

மீட்டர் மீட்டராக அந்தப் பேர் ஓடுவதைச் சிந்துஜா பார்த்துக்கொண்டு நின்றாள். இலை மடிவது தான் வைத்த இடைவெளியால்தான் என்று அவளுக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. இடைவெளி இல்லாத பூ மடியவில்லை, தண்டு மடியவில்லை, அவள் கை வைத்த நரம்பில்தான் மடிந்தது. ஆனால் எப்படிச் சொல்வது? "அது என் வேலை" என்றால், "எதுக்கு அப்படி வெச்சே?" என்று கேட்பார்கள். பேர் வேண்டுமென்றால் பொச்சரிப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மென்றும் முழுங்கியும் மூன்று வாரம் ஓட்டினாள். மயிலாவோ நடந்தது எதுவும் தன்னால் இல்லை என்பதுபோல வந்து, "சிந்து, பென்சில் குடு" என்று கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

இரண்டாவது லாட்டுக்குப் புது ஸ்கிரீன் போட வேண்டி வந்தது. சிக்கந்தர் மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு துணியைப் பார்த்து, "அம்மணி, நரம்புல வெள்ளை தெரியுது பாருங்க. இந்தத் தடவை சரியா ஏத்திக் குடுத்துருங்க" என்றார். சரிங்க மாஸ்டர் என்றாள் சிந்துஜா. இவ்வளவு சுத்தமாக அவள் ஒரு வேலையும் செய்ததில்லை. ஆயிரத்து நாற்பது இலையிலும் கரும்பச்சையை இளம்பச்சை மேல் முடியளவு ஏற்றினாள். அது தப்பில்லையே, சொன்ன வேலையைத்தானே செய்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

துணி அழகாக வந்தது. ஒரு இலைகூட மடியவில்லை. நாலு நாளில் லாரியோடு திரும்பி வந்தது. பஸ்ஸில் நம்பிப் போட்டுக்கொண்டு போன ஒரு டீச்சர் மில் வாசலில் வந்து நின்று, "கை பட்டது எனக்குத் தெரியும், துணிக்குத் தெரியலையேப்பா" என்று கேட்டுவிட்டுப் போனார். பொங்கியண்ணன் ஆடிப்போனார். மயிலா படத்தை மாற்றிவிட்டாள், அசலை வெளியூர்க்காரனுக்குக் கொடுத்துவிட்டாள் என்று யாரோ ஓதினார்கள். "நாளைக்கு உங்க மேடம் வர்றாங்க. இந்தப் புள்ளைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

மயிலா டிபன் பாக்ஸைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நான் ஒண்ணுமே பண்ணலைடி" என்றாள். அப்போது சிந்துஜாவுக்கு ஏற்பட்டது சந்தோஷம்தான். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, மூன்று வருஷத்தில் அத்தனை இனிப்பான மத்தியானம் அவளுக்கு வாய்த்ததில்லை. டிபன் பாக்ஸ் கடைசிவரை திறக்கப்படவில்லை. பள்ளிபாளையம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அந்த இனிப்பு நாக்கில் புளித்துப்போனது.

மறுநாள் பேராசிரியை வசுமதி வந்தார். முதலாளி, செல்வநாயகி அம்மாள், மாஸ்டர் எல்லாரும் சேம்பிள் அடிக்கிற மேஜையைச் சுற்றி நின்றார்கள். சிந்துஜாவின் லாக் புக்கைப் புரட்டி, "வெரி நீட்" என்றார் வசுமதி மேடம். பிறகு மயிலா பக்கம் திரும்பி, "சான்றிதழ் எங்கம்மா?" என்றார். மயிலா தலையைக் குனிந்தாள்.

"மேடம், அந்த மடிப்பு நான் வெச்சது" என்றாள் சிந்துஜா.

மயிலாவைக் காப்பாற்றணும் என்பது பாதி. அது என்னுது, என்னுது என்று ஊர் கேட்கக் கத்தணும் என்பது பாதி. எந்தப் பாதி முதலில் வாயைத் திறந்தது என்று அவளுக்கே தெரியாது. ஆனால் திறந்த வாய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டது. இடைவெளியை மூடாமல் விட்டதும், அகலமாக்கினதும், எதற்காக என்பதும், இரண்டாவது லாட்டில் மூடினதும்.

யாரும் திட்டவில்லை. பொங்கியண்ணன், "அப்பறம் என்ன, மறுபடி அகலம் பண்ணிக் குடு கண்ணு, தீந்துது சோலி" என்றார்.

பண்ணினாள். மாஸ்டர் சின்ன ஸ்கிரீன் போட்டு ஒரு முழம் அடித்தார். வெள்ளைக் கோடு பளிச்சென்று விழுந்தது. தொட்டார்கள். இலை அப்படியே கிடந்தது.

சிக்கந்தர் மாஸ்டர் தாடையைச் சொறிந்தார். "கீல் இருக்குது. ஆனா கதவு சாத்த மாட்டேங்குது. அன்னிக்கு என்ன நெனச்சுக்கிட்டுப் பண்ணுனீங்கம்மா?"

"இவ நாசமாப் போகணும்னுங்க."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு இவளைப் பாத்தா பாவமா இருக்குதுங்க."

"அதாங்க விஷயம்" என்றார் மாஸ்டர் முதலாளியிடம், சாயத்தில் உப்புக் குறைந்ததைச் சொல்வதுபோல.

அதற்கப்புறம் அந்த மில்லில் நடந்த கூத்தை என்னவென்று சொல்வது! சிந்துஜாவுக்குப் பொறாமை வர வேண்டும், வந்தால்தான் இலை மடியும், மடிந்தால்தான் மயிலாவுக்குக் கையெழுத்து. செல்வநாயகி அம்மாள் உள்ளே போய்த் தன் பட்டுப்புடவை ஒன்றைக் கொண்டுவந்து மயிலாவின் தோளில் போட்டு, "என் வயித்துல பொறந்திருக்க வேண்டியவ" என்று கன்னத்தை வழித்தார். பேக்கிங் பெண்கள் வரிசையாக வந்து, "மயிலாக்கா மாதிரி யாரும் வரைய முடியாதுங்க" என்று சிந்துஜாவின் காதருகே ஒப்பித்துவிட்டுப் போனார்கள். வசுமதி மேடம்கூடத் தொண்டையைச் செருமி, "அரியர் இருந்தாலும் ஒரிஜினல் டேலன்ட்" என்றார். சிந்துஜா முயற்சி செய்தாள், பாவம், கண்ணை மூடிக்கொண்டு பொறாமைப்பட்டுப் பார்த்தாள். இரண்டாவது முழமும் மடியவில்லை, மூன்றாவதும் மடியவில்லை. நடிப்பு என்று தெரிந்த பிறகு யாருக்கு எரியும்? மேடம் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்த்தார்.

மயிலா பட்டுப்புடவையைத் தோளிலிருந்து எடுத்து மடித்து மேஜையில் வைத்தாள். சிந்துஜாவின் பக்கத்தில் வந்து, சத்தமில்லாமல், தினமும் பென்சில் கேட்கிற அதே குரலில் சொன்னாள்.

"சிந்து, மூணு வருஷமா உன் பக்கத்து டேபிள்தான். நீ வரைஞ்சதெல்லாம் பாத்திருக்கேன். எல்லாம் நல்லாத்தான் இருக்கும். ஆனா ஒரு தடவைகூட எனக்கு உம்மேல பொறாமை வந்ததில்லடி."

சிந்துஜா அவளையே பார்த்தாள். அவள் முகத்தில் நடிப்பு இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். அடியே, நீ படமும் வரைந்து, பேரும் வாங்கி, இப்போது என்னைப் பார்த்து இதையும் சொல்கிறாயா என்று உச்சி முதல் உள்ளங்கால் வரை காந்தியது. போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். முதல் இலையிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு நரம்பையும் பிளந்தாள். டீ கொண்டுவந்த பெண் டம்ளரைத் தூரத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.

நாலாவது முழத்தை மாஸ்டர் விரித்துப் போட்டார். வசுமதி மேடம் விரலை நீட்டினார். விரல் படுவதற்கு முன்பே, அரை அடி தூரத்திலேயே, துணி முழுக்க எல்லா இலையும் ஒரே நேரத்தில் படக்கென்று மூடிக்கொண்டன. அவை விரிய மூன்று நாள் ஆயிற்று.

பொங்கியண்ணன் இரண்டு சான்றிதழிலும் கையெழுத்துப் போட்டார். படிவத்தில் "மாணவரின் பங்களிப்பு" என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று மேடம் கொஞ்சம் யோசித்து, மயிலாவுக்கு "படம்" என்றும் சிந்துஜாவுக்கு "பொறாமை" என்றும் எழுதினார். ஆளுக்கு எட்டு கிரெடிட். அதை ஒன்றும் கல்லூரி ஆபீஸில் யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை, பதிவேட்டில் ஏற்றிக்கொண்டார்கள்.

மேடம் வந்த அன்று சாயங்காலம் இருவரும் பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். ஒரு பஸ் போயிற்று, ஏறவில்லை. கேட்கக் கூடாது என்று சிந்துஜா நினைத்தாள். உன்னை எரிய வைக்கத்தான் சொன்னேன் என்பாளோ, நிஜமாகத்தான் சொன்னேன் என்பாளோ, எது வந்தாலும் வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காது. ஆனாலும் கேட்டாள்.

"நெசமாத்தான் சொன்னியா?"

"நெசந்தான்" என்றாள் மயிலா, யோசிக்காமல்.  பிறகு, பிடிக்காததைத் துப்புகிறவள்போல, "ஆனா அந்த நாலாவது துணியப் பாத்தேன் பாரு. தொடறதுக்கு முன்னாடியே மூடுச்சே. எனக்கு அப்படி ஒண்ணு ஜென்மத்துக்கும் வராது. இன்னிக்குத்தான்டி மொதத் தடவை, உன்னைப் பாத்து அவ்வளவு பொறாமையா இருந்துச்சு" என்றாள்.

சிந்துஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எட்டு கிரெடிட் வந்தபோது ஒரு சொட்டு வரவில்லை. அவள் மயிலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொருக்காச் சொல்லுடி" என்றாள்.